கௌசல்யா பாடத்தில் இருந்தாள் என்று எழுதினோம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் தரம் ஒன்பது படித்த ஒரு பிள்ளையின் படிப்பை முடித்துவைத்தது கொரோனா இல்லை. வலயக் கல்விப் பணிமனையில் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் பொறுப்பாக இருந்த பணிப்பாளர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எந்தத் தோட்டம் என்றும் எழுதவில்லை, அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கௌசல்யா என்பது நான் வைத்த பெயர். ஆனால் இதைப் படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குக் கைகொடுத்தவள் அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபராக இருந்த நான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு போன். மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை, மண் மூடிய பிறகு, எங்கள் மலைகளில் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் பள்ளிக்கூடங்களை மூடிவிடுகிறார்கள். மூடத்தான் வேண்டும். போன மழைக்கும் மூடினார்கள். மூன்றாம் நாள், என் இடத்தில் இப்போது அதிபராக இருக்கும் தம்பி கூப்பிட்டார்.

"டீச்சர், அந்தப் பழைய கொரோனா நேரத்துப் படிவம் திரும்ப வந்திருக்கு. ஒன்லைன்ல எத்தனை புள்ளைன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள போடணுமாம். நீங்க அப்ப எப்படிப் போட்டீங்க?"

"இப்ப எத்தனை புள்ள ஒன்லைன்ல இருக்கு?"

"லயத்தில கரண்டே இல்ல டீச்சர்."

"அப்ப சைபர் போடுங்க."

அவர் சிரித்தார். "சைபர் போட்டா என்னையத் தூக்கி மொனராகலைக்கு அந்தப் பக்கம் போட்டுருவாங்க."

அவர் சிரித்தது தப்பில்லை. நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சிரித்தேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை நீளமில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பிறகு நியமனம், ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை, மூன்று தோட்டங்கள், கடைசிப் பதினான்கு வருடம் அதிபர் நாற்காலி. கற்றுக்கொடுப்பதைப் பற்றி எனக்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும்: பள்ளிக்கூடத்தை மூடினால் தோட்டத்துப் பிள்ளை திரும்பி வராது. நான் வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் அம்மை பரவி இரண்டு வாரம் மூடினோம். திறந்தபோது ஏழு பிள்ளைகள் குறைவு. லயம் லயமாக ஏறி இறங்கி, கத்தி, கெஞ்சி, ஐந்து பேரைக் கூட்டிவந்தேன். மற்ற இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கே அந்தக் கதி.

கொரோனாவுக்கு மூடினார்கள். திறந்தார்கள். மறுபடி மூடினார்கள். நாடு முழுக்க ஊரடங்கு, ஆனால் தோட்டத்துக்கு ஊரடங்கு இல்லை. தேயிலை அத்தியாவசியம், டொலர் வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவைப் பூட்டினார்கள், பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், தாய்மாரை மட்டும் கொழுந்து பறிக்க வரச்சொன்னார்கள். பிள்ளைகள் என்ன செய்யும் என்று ஒரு சுற்றுநிருபத்திலும் இல்லை. சின்னதைப் பெரியது பார்த்துக்கொண்டது. பெரியதை யாரும் பார்க்கவில்லை.

பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் எழுபத்து மூன்று பிள்ளைகள். இன்டர்நெட் வேலை செய்கிற போன் பதினொன்று. அதில் பாதி, தகப்பனோடு மலைக்கோ டவுனுக்கோ போய்விடும்.

நான் யோசித்தேன். எந்தப் பிள்ளையின் தாயும் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஒரே இடத்துக்கு வந்தே ஆகவேண்டும். மடுவம். பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை. காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை. அங்கே எடை எழுதும் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டேன்.

"தம்பி, தராசுக்குப் பக்கத்தில ஒரு பெட்டி வச்சுக்கிறேன். ஒன்னுக்கும் இடைஞ்சல் இல்ல."

"டீச்சர், தோட்டத்துத் தொரை பாத்தா என்னையத்தான் நிறுப்பாரு."

"நிறுத்தா என்ன, நாலு கிலோ தண்ணிக்குன்னு கழிச்சிட்டுத்தானே போடுவாரு."

நிறுவைக்கு வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர் எடை கழிப்பது அவர்களுக்குத் தினமும் எரிகிற விஷயம். கணக்கப்பிள்ளையும் சிரித்து, சரி என்றார்.

பிரதி எடுக்கிற பழைய ரோணியோ இயந்திரத்தைத் தட்டி எழுப்பினோம். நானும் கணிதம் படிப்பிக்கிற மாஸ்டரும் கையால் பயிற்சிக் கேள்விகளோடு செயலட்டை எழுதினோம், ஒரு தரத்துக்கு ஒரு பக்கம். தாளின் மூலையில் பிள்ளையின் பெயர், லயத்தின் நம்பர். பகல் நிறுவையில் தாளைத் தாயிடம் கொடுப்போம். அவள் அதைச் சுருட்டி, தலைத்துணிக்குள் செருகிக்கொள்வாள்; இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஈரம், கூடை அதைவிட ஈரம். மறுநாள் அந்தி நிறுவையில் விடை எழுதிய தாள் பெட்டிக்கு வரும். கொழுந்து வாசம் அடிக்கும், மூலையில் பச்சைக் கறை இருக்கும். நான் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்புவேன். எழுத்து வாசிக்கத் தெரியாத தாய்மார்கூட தங்கள் பிள்ளையின் தாளைச் சரியாக எடுத்தார்கள். சரி எத்தனை, பிழை எத்தனை என்று வரிசையில் நின்றபடியே எண்ணிப் பார்ப்பார்கள். எழுபத்து மூன்று பிள்ளைகளில் அறுபதுக்குக் குறையாமல் தாள் திரும்பி வந்தது.

கௌசல்யாவின் தாள் ஒருநாளும் தவறவில்லை. தாய் மாரியாயி அதைக் கொடுக்கும்போது, "எல்லாக் கேள்வியும் செஞ்சிட்டா டீச்சர். இன்னும் ரெண்டு கணக்குப் போட்டு அனுப்புங்க, இல்லாட்டி என்னைய வந்து நச்சரிக்கிறா" என்பாள். தகப்பன் இல்லாத பிள்ளை. கணக்கில் நல்ல கெட்டிக்காரி. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் சித்தி எடுப்பாள் என்று நானும் மாஸ்டரும் பேசிக்கொள்வோம்.

இப்போது பணிப்பாளரைப் பற்றி. அவரும் லயத்தில் பிறந்தவர்தான். அதனாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை இருந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தமாட்டார். பள்ளிக்கூடத்துக்கு வந்தால் நாற்காலியில் உட்காரும் முன் கைக்குட்டையால் ஒரு தட்டு. வரவு இடாப்பைத் திறந்து, பையிலிருந்து கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாக வைத்துக் கூட்டிப் பார்ப்பார். ஒரு கூட்டல் பிழைக்கு இருபது நிமிடம் விளக்கம் கேட்பார். வகுப்புக்குள் மட்டும் போகமாட்டார். எதையும் எழுத்தில் தரமாட்டார். எல்லாம் போனில்தான்.

தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் ஒருவருக்குத் தொற்று என்று வந்த வாரம், அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"டீச்சர், மடுவத்தில ஏதோ பேப்பர் குடுக்கிறீங்களாமே."

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

"நல்ல மனசுதான். ஆனா கைக்குக் கை மாறுது. நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நிறுத்திருங்க."

"சேர், அதே கையிலதானே கொழுந்தும் மாறுது? அதை யாரும் நிறுத்தலையே."

"கொழுந்து என்னோட திணைக்களம் இல்லையே டீச்சர்."

இப்படித்தான் பேசுவார். பிறகு படிவத்துக்கு வந்தார். வெள்ளிக்கிழமை தோறும் அதிபர் நிரப்பவேண்டிய படிவம். மொத்தப் பிள்ளைகள் எத்தனை, ஒன்லைனில் பாடம் பெறும் பிள்ளைகள் எத்தனை. அவ்வளவுதான். தாளில் படிக்கிற பிள்ளைக்கு அதில் கட்டமே இல்லை. நான் பதினொன்று என்று போட்டிருந்தேன்.

"பதினொன்னா? தோட்டத்துப் பள்ளிக்கூடம்னாலே மட்டம்னு கொழும்பில பேசுறாங்க. அவங்க வெறும் வாய்க்கு நாம ஏன் அவல் குடுக்கணும்? நம்ம பிள்ளைகளுக்கும் ஒரு மானம் இருக்கில்ல?"

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். என்னை மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மானம் என்றார். எழுபத்து மூன்றுக்கு எழுபத்து மூன்று என்று போட்டேன். போட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வாரமும் அதையே போட்டேன். பெட்டியை மடுவத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

மாரியாயி என்னை வழியில் மறித்தாள்.

"டீச்சர், பேப்பர் இல்லையா?"

"மேல இருந்து நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"மேலன்னா எங்க? தொரை பங்களாவா?"

"அதுக்கும் மேல."

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தாள். வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகன் ஒருவன் லயத்துக்கு வந்திருக்கிறான். கொழும்பில் ஒரு வீடு, ஒரு கிழவிக்குத் துணையாக இருந்தால் போதும். அவன் சொன்னதை அவள் என்னிடம் அப்படியே சொன்னாள்.

"அந்த வீட்டில வைஃபை இருக்காம் டீச்சர். போனும் தருவாங்களாம். காலையில பாடம் படிச்சிட்டு, அப்புறம் கெழவியப் பாத்துக்கிட்டா போதுமாம். இங்க இருந்தா சும்மா செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கா. அனுப்பட்டா?"

வாசிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காசுக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை அனுப்பிய தாய் இல்லை இவள். பாடம் ஒன்லைனில்தான் என்று நாங்கள் சொன்னோம். ஒன்லைன் இருக்கிற வீட்டைத் தேடிப் பிள்ளையை அனுப்பினாள். நாங்கள் சொன்னதைக் கேட்டாள், அவ்வளவுதான்.

முப்பது வருடத்துக்கு மேல் இதே தரகர்களை லயத்திலிருந்து விரட்டியவள் நான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "போன் நம்பர் கெடச்சதும் எனக்கு அனுப்பச் சொல்லு. குரூப்பில சேத்துக்கிறேன்." பொய்யாகப் போட்ட கணக்கில் ஒரு பிள்ளையாவது உண்மையாகட்டும் என்று அந்த நேரம் என் புத்தி போனது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

முதல் நாள் செய்தி வந்தது. "காலை வணக்கம் டீச்சர். கௌசல்யா, தரம் 9." நான்கு கணக்கும் செய்து படம் எடுத்து அனுப்பியிருந்தாள். இரண்டாம் நாள் ஒன்றரைக் கணக்கு. இரண்டாவது நடுவில் நின்றிருந்தது. மூன்றாம் நாள் செய்தியைப் பார்த்ததற்கு நீலக்கோடு மட்டும். நான்காம் நாள் அந்த நம்பர் குரூப்பிலிருந்து விலகிவிட்டது. நான் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்து, ராங் நம்பர் என்று சிங்களத்தில் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை படிவத்தில் எழுபத்து மூன்று என்றுதான் போட்டேன். அதற்கடுத்த வெள்ளியும். இந்தக் கணக்கில் கௌசல்யா எத்தனை மாதம் படித்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான்கைந்து மாதம் போனது. மாதம் ஒரு தரம் கௌசல்யாவை மாரியாயியோடு போனில் பேச விடுவார்கள். "நல்லா இருக்கேம்மா" என்பாளாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாளாம், பக்கத்தில் ஆள் நிற்பது தெரியுமாம். மாரியாயி பிள்ளையைத் திருப்பிக் கேட்டாள். வருடம் முடியட்டும் என்றான் தரகன். அவள் ஒருநாள் சம்பளத்தை விட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போய், சிறுவர் விவகாரம் பார்க்கும் அதிகாரியிடம் முறையிட்டாள். அந்த அம்மா நல்லவர். உடனே அந்த வீட்டுக்குப் போன் எடுத்தார். அவர்கள் பதறவே இல்லை. "வேலைக்கு வைக்கவில்லை, படிக்க வைக்கிறோம். ஒன்லைனில் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள்" என்றார்கள். அதிகாரி எங்கள் வலயத்துக்குக் கடிதம் போட்டார்.

எனக்கு விஷயம் தெரிந்ததும் பணிப்பாளரைக் கூப்பிட்டேன். எங்கே இருந்து பேசினேன் என்பதுகூட நினைவிருக்கிறது: அலுவலகத்தில், கதவைச் சாத்திவிட்டு, நின்றுகொண்டு.

"சேர், அந்தப் புள்ள ஒன்லைன்ல இல்ல. ரெண்டு நாள்தான் வந்தா. அங்க வேலைக்குத்தான் வச்சிருக்காங்க. நான் எழுதித் தாறேன்."

அதே மெதுவான குரல்.

"நீங்க வாராவாரம் இருக்கான்னு எழுதியிருக்கீங்களே டீச்சர். இப்ப இல்லன்னு எழுதினா, மத்தப் புள்ளைகளைப் பத்தியும் கேப்பாங்க. அப்புறம் மத்தப் பள்ளிக்கூடங்களைப் பத்தி. எதுக்கு?"

"புள்ளைக்குப் பதினாலு வயசு சேர்."

"உங்களுக்கு இன்னும் பதினோரு மாசம்தானே இருக்கு? நிம்மதியாப் போய்ச் சேருங்க. நான் பாத்துக்கிறேன்."

நான் மறுத்துப் பேசவில்லை. எழுதியும் கொடுக்கவில்லை. பென்ஷன் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

பத்து நாள் கழித்து மாரியாயி ஒரு நிழற்பிரதியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அதிகாரி கொடுத்தது. சிங்களத்தில் இருந்தது. "என்னா எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க டீச்சர். அந்த அம்மா ஏதோ சொன்னாங்க, எனக்கு வெளங்கல."

வாசித்தேன். மேற்படி மாணவி பாடசாலையின் ஒன்லைன் கற்பித்தலில் தொடர்ந்து பங்குபற்றி வருகிறாள் என்று பாடசாலையின் வாராந்தத் தரவுகள் உறுதிப்படுத்துகின்றன. கீழே பணிப்பாளரின் கையெழுத்து. பல வருடம் என் இடாப்புகளில் பார்த்த அதே கையெழுத்து. அவர் எனக்கு எழுத்தில் தந்த ஒரே விஷயம் அதுதான், அதுவும் எனக்கு இல்லை.

"பொய்யா?" என்று கேட்டாள் மாரியாயி.

"பொய்."

"அப்ப நீங்க வந்து சொன்னா கேப்பாங்கள்ல? நாளைக்கே போவோம் டீச்சர். நான் வேலைக்குப் பேர் போடாம வாறேன்."

"பாக்கிறேன்" என்றேன்.

அவள் தாளை மடித்தாள். எனக்கு மரியாதை குறையாமல்தான் பேசினாள். "அவ படிக்கிறான்னு இத்தனை பெரிய மனுசங்க எழுதியிருக்கீங்க. பெத்தவ நான், படிக்கலேங்கிறேன். நான்தான் பொய்க்காரி, இல்லீங்களா டீச்சர்?"

அந்தக் கோப்பு மூடப்பட்டது.

அதற்கடுத்து வந்த தட்டுப்பாட்டுக் காலத்தை எல்லோரும் அறிவோம். கேஸ் இல்லை, பெற்றோல் இல்லை, கோதுமை மா இல்லை. ஆசிரியர்கள் வர வழியில்லை என்று பள்ளிக்கூடத்தை மறுபடி மூடினார்கள். பிள்ளைகள் தவறவிட்ட பாடங்களை ஈடுசெய்ய உதவி வந்தபோது, எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பிள்ளைகள்தான் ஒருவரும் தவறவிடவில்லையே. நாலாம் வகுப்பில் தன் பெயரை எழுதத் தெரியாமல் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

கொழும்பு வீட்டுக்காரர்கள் நாட்டை விட்டுப் போக முடிவு செய்தார்கள். போகும்போது கௌசல்யாவை பதுளை ரயிலில் ஏற்றிவிட்டார்கள். மாரியாயி அப்புத்தளை ஸ்டேஷனில் போய் இறக்கினாள். நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். உயரமாகியிருந்தாள். மெலிந்திருந்தாள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நாளைக்குப் பள்ளிக்கூடம் வா" என்றேன். வந்தாள். அவளோடு படித்தவர்கள் பதினொன்றில் இருந்தார்கள். அவளைப் பத்தில் போட்டேன்.

முதல் பாடத்துக்கு நானே போனேன். பெயர் கூப்பிட்டேன். "கௌசல்யா."

அவள் விருட்டென்று எழுந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் கோர்த்து, தலையைக் குனிந்து, "எனவா நோனா" என்றாள்.

வருகிறேன் அம்மணி என்று சிங்களத்தில். வீட்டுக்காரியிடம் வேலைக்காரப் பிள்ளை சொல்வது.

வகுப்பு சிரித்தது. பிள்ளைகள்தானே, சிரிக்கத்தான் செய்யும். நான் அதட்டினேன். அதட்டல் கேட்டதும் அவள் மறுபடி எழுந்து நின்றாள். அன்று முழுக்க யார் குரல் உயர்ந்தாலும் எழுந்தாள். மறுநாள் பையன்கள் அவளை "நோனா" என்று கூப்பிட்டார்கள். நான்கு நாள் வந்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை. லயத்துக்குப் போனேன்.

"கணக்கு மறந்துருச்சா?" என்று கேட்டேன்.

"மறக்கல டீச்சர். ராத்திரி படுத்துக்கிட்டு மனசிலயே போடுவேன் அங்க." பிறகு சொன்னாள்: "உக்கார முடியல டீச்சர். யாராச்சும் கூப்பிட்டுருவாங்கன்னே இருக்கு."

மாரியாயி வாசலில் நின்றாள். உள்ளே வாங்க என்று என்னைச் சொல்லவில்லை.

கௌசல்யா இப்போது கொழுந்து பறிக்கிறாள். சாதாரண தரம் எழுதவில்லை. இனி எழுதமாட்டாள். இதில் திருத்த எதுவும் மிச்சமில்லை, நான் இதை எழுதுவதால் அவளுக்கு ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை. அது எனக்குத் தெரியும். அவளிடமும் தாயிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, எழுதி என்ன ஆகப்போவுது" என்றாள் மாரியாயி.

பணிப்பாளர் அவர்களே, நீங்களும் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் தோட்டப் பிள்ளைகளை ஒன்லைனில் இணைத்தது எப்படி என்று கூட்டங்களில் பேச உங்களைக் கூப்பிடுகிறார்கள். போன மாதமும் பதுளையில் பேசினீர்கள். கைதட்டினார்கள். அதே படிவம் மறுபடி சுற்றுக்கு வந்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நான் என் பொய்யை மேலே எழுதிவிட்டேன். விசாரணை வைத்தால் வருகிறேன், பென்ஷனை நிறுத்தினால் நிறுத்தட்டும். உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, அந்தப் பிள்ளை பாடத்தில் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்குப் போன் எடுத்து விளக்கம் சொல்லவேண்டாம். அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, மாரியாயியை முன்வரிசையில் உட்காரவைத்து, அவள் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுங்கள்.